ஏசி நல்லா இருந்துச்சு

மச்சினன் எடுத்த முதல் படத்தில் பல்செட்டுக்காரர் தூங்கிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் நடந்ததெல்லாம் வாரியம் நடத்தியது.

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது அவர் கண் திறந்துதான் இருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி கேட்டாள்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"அருமை. தம்பி பின்னிட்டான்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமான ஒரு மனிதன் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டுமோ அதைத்தான் சொன்னார். மச்சினனுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். அவனுக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது, கணக்கில் பெயிலானபோது பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரோடு சண்டை பிடித்தது எல்லாம் அக்காதான். இன்றைக்கும் மாடி அறையில்தான் இருக்கிறான்; சாப்பாடு இவர்கள் மேசையில்தான். அவன் ஆறு வருஷம் உருகி உருகி எடுத்த படத்தில் குறட்டை விட்டேன் என்று சொல்வதற்குப் பல்செட்டுக்காரருக்கு என்ன கிறுக்கா?

மனைவி வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்த தம்பியிடம் ஓடினாள். இவர் ஸ்கூட்டரை எடுக்கப் போனார். நெருக்கியடித்து நின்ற வண்டிகளுக்கு நடுவிலிருந்து தன்னுடையதை இழுத்துக்கொண்டிருந்தபோது, தோளில் பை மாட்டிய ஒருவர், மணி என்ன என்று கேட்பதுபோல் கேட்டார்.

"படம் எப்படி சார்?"

"ஏசி நல்லா இருந்துச்சு."

பைக்காரர் பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். அப்போதுதான் பல்செட்டுக்காரருக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது.

திரைக்கருத்து ஒழுங்குமுறை வாரியம் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஜனங்கள் பஸ்ஸிலும் சலூனிலும் வாய்க்கு வந்தபடி படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நல்ல படம் என்பான், அதே படத்தை இன்னொருவன் தண்டம் என்பான், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். இது ஒரு நாகரிக சமுதாயத்துக்கு அழகா என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. இப்போது வீட்டுக்கு வெளியே ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால் அதை வாரியத்தில் பதிய வேண்டும். வாரியம் அதை எடை போட்டுச் சான்றிதழ் கொடுக்கும். சான்றிதழில் ஒரு நகல் சொன்னவருக்கு, ஒரு நகல் வாரியத்துக்கு, மூன்றாவது நகல் இயக்குநருக்கு.

"இயக்குநருக்கா?" என்றார் பல்செட்டுக்காரர்.

"விதி முப்பத்தாறு சார். ஏழு நாள்ல தபால்ல போயிடும்."

"அவன் என் மச்சினன்."

"அப்படியா, சந்தோஷம். கவர்ல வீட்டு விலாசம் எழுதறது மிச்சம்."

"அட, இது கருத்தே இல்லீங்க. தூக்கக் கலக்கத்துல சொன்னது."

"தூங்கினீங்களா?" பைக்காரர் பேனாவை மறுபடியும் திறந்தார். "அதையும் சேத்துக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். ஏசியே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் வேலையில் கை ஓடவில்லை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், மாவும் மெழுகும் மணக்கும் ஒன்பதடி அறைதான் அவருடைய பட்டறை. முப்பது வருஷமாக அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் பல்செட்டை வாயில் மாட்டியதும், "கடைசியா என்ன படம் பாத்தீங்க?" என்று கேட்பார். நல்ல படத்தைப் பற்றிப் பேசினால் வாய் அகலத் திறக்கும். முன்வரிசை நிற்கிறதா என்று தெரிந்துவிடும். மோசமான படத்தைத் திட்டும்போதுதான் தாடை பக்கவாட்டில் நகரும். கடைவாய் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். "அந்தப் படத்துல ஒரு நாய் நடிச்சிருக்குங்க. வேற யாரும் நடிக்கல" என்று ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் சொன்ன ஒரே வாக்கியத்தில் மூன்று பற்களைச் சரி செய்திருக்கிறார்.

வாரியம் வந்த பிறகு இந்த வழக்கமும் போயிற்று. அன்றைக்கு வந்த கிழவர் பல்செட்டை மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்தார். நாற்பது வரைக்கும் எண்ணினார். எண்ணுகிறவன் தாடை எங்கே அசையும்? எப்படியும் அடுத்த வாரம் ஈறு புண்ணாகித் திரும்பி வருவார். பல்செட்டுக்காரர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கருத்தைத் திரும்பப் பெற வாரியத்துக்குக் கிளம்பினார்.

வாரியத்தின் மூன்றாம் கவுண்டரில் இருந்த குமாஸ்தா மிகவும் மரியாதைக்காரர்.

"வாபஸ் வாங்கலாம் சார், தாராளமா. அதுக்கு முதல்ல இது உங்க கருத்துதான்னு நிரூபிக்கணும். இன்னொருத்தர் கருத்தை நீங்க வாபஸ் வாங்கிட்டுப் போயிட்டா, நாளைக்கு அவர் வந்து எங்க கழுத்தைப் பிடிப்பாரு. டிக்கெட்டும், நீங்க சொன்னதைக் காதால கேட்ட சாட்சி ஒருத்தரும் வேணும்."

"உங்க ஆளுதான் கேட்டாரு. அவர் நோட்டுலதானே எழுதியிருக்கு."

"அவர் கேக்கல சார். வாரியம் கேட்டுச்சு. டூட்டி நேரத்துல அவர் காது வாரியத்தோடது."

பல்செட்டுக்காரர் குமாஸ்தாவின் காதைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அண்ணே, நீங்க அந்தப் படத்தைப் பாத்திருந்தா என் நிலைமை புரியும்" என்றார்.

குமாஸ்தா திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். "நாங்க படமெல்லாம் பாக்கக் கூடாது சார். பாத்தா பக்கச்சார்பு வந்துடும். நான் சேந்ததிலேருந்து டிவியில பாட்டு வந்தாக்கூட சுவரைப் பாத்து உக்காந்துக்குவேன். என் பொண்டாட்டி தனியா சிரிக்கிறா சார், மூணு வருஷமா." அவர் குரலில் பெருமையா வருத்தமா என்று பிரித்துச் சொல்வது கடினம். "நீங்க மாடிக்குப் போய் எடையாளர் அம்மாவைப் பாருங்க."

எடையாளர் அம்மாவின் மேசையில் தராசு ஒன்றும் இல்லை. ஒரு கால்குலேட்டர்தான் இருந்தது. அவர் கருத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"ஏசி நல்லா இருந்தது. நல்லது நூறு, கெட்டது பூஜ்யம். ஒரே பக்கமா சாயுதே. எங்க அளவு என்னன்னா நல்லது நாப்பது, கெட்டது முப்பது, மீதி முப்பது பொதுவா ஏதாவது. இயக்குநர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சினன்."

அவர் அதன் கீழே கோடு போட்டார். சிவப்பு மையில் போட்டார். "சொந்தக்காரங்க படத்தை இப்படித் தூக்கி வச்சுப் பேசலாமா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"தூக்கி வைக்கலீங்கம்மா. படத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூட நான் சொல்லவே இல்ல."

"அதான் சந்தேகமா இருக்கு. குறையா ஒண்ணு சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இல்லேன்னா விசாரணைன்னு வீட்டுக்கு ஆள் வரும்."

வீடு என்றதும் அவருக்கு வியர்த்துவிட்டது. "கொஞ்சம் ஜாஸ்தியா குளிருச்சு" என்றார்.

எடையாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "இதான் விமர்சனம். இதை உள்ளேயே வச்சிருந்தீங்களே. பொதுவா ஏதாவது?"

"மேல காத்து வர்ற வென்ட் நாலு இருந்துச்சு."

"போதும், போதும்." கால்குலேட்டரைத் தட்டினார். "நாப்பது, முப்பது, முப்பது. எனக்குத் தெரிஞ்சு நான் வெட்டி ஒட்டாம இந்த ஆபீஸ்ல முதல் தடவை சரியா வந்திருக்கு. இதை நான் நிபுணர் குழுவுக்கு அனுப்பாம இருந்தா பாவம்."

ஒரு கருத்தைத் திருப்பி வாங்கப் போனவர் மூன்று கருத்துகளோடு படியிறங்கினார்.

நிபுணர் குழுவில் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியருக்கு மேல்வரிசை சொந்தப் பல். கீழ்வரிசை யாரோ அவசரத்தில் செய்தது. 'ச' வரும்போதெல்லாம் ஒரு விசில் சத்தம் கேட்டது. இடப்பக்கம் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணை மூடியிருந்தார். வலப்பக்கத்து இளைஞர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாது.

"குளிர்" என்றார் பேராசிரியர். "எவ்வளவு சிக்கனமான சொல். இயக்குநருடைய மௌனத்தைத்தானே சொல்றீங்க?"

"இல்ல சார், ஏசியை."

"அதாவது, இயந்திரத்தால உண்டாக்கப்பட்ட மௌனம், அதுக்குள்ள மனுஷன், அவனுக்குள்ள மறுபடியும் இயந்திரம், அதுக்குள்ள..." என்று இளைஞர் புறப்பட்டுப் போனார்.

"ஐயா, எனக்கு நேர் மேல ஒரு வென்ட் இருந்துச்சு. தலையில காத்து விழுந்துச்சு. சொகமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

நீதிபதி கண்ணைத் திறந்தார். "தலையில விழுந்துச்சுன்னு சொன்னதைக் குறிச்சுக்குங்க. கால்ல விழல, தலையில. கலை மேலேருந்துதான் வரணும்." மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் இதை வாபஸ் வாங்கத்தான் வந்தேன்" என்றார் பல்செட்டுக்காரர், ஏறக்குறைய அழுகிற குரலில்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடக்கத்தைப் பாருங்க" என்றார்.

ஏழாம் நாள் தபால் வந்தது. பல்செட்டுக்காரர் வாசலிலேயே மடக்கிவிடலாம் என்று அரை நாள் லீவு போட்டு நின்றார். தபால்காரர் பின்கட்டுக் கதவைத் தட்டி மச்சினன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். வந்தது சான்றிதழ் அல்ல, அழைப்பிதழ்.

"அக்கா, இங்க வாயேன்" என்று மச்சினன் கத்திக்கொண்டே கூடத்துக்கு வந்தான். "மாமாவுக்கு விருது. இந்த வருஷத்தோட சிறந்த கருத்து. என் படத்தைப் பத்திச் சொன்னதாம். வாரியத் தலைவரே குடுக்கறாராம்."

மனைவி கரண்டியோடு வந்தாள். "உங்களுக்கா?" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் சந்தேகம் முக்கால், பூரிப்பு கால்.

"என்ன மாமா சொன்னீங்க?" மச்சினன் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "நாலு வரி சொல்லுங்களேன்."

"அது... மேடையிலதான் சொல்லணுமாம்ப்பா. விதி."

"எங்கிட்ட அருமைன்னு மட்டுந்தானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"அதைத்தான் கொஞ்சம் விரிச்சுச் சொன்னேன்."

விருது நாளன்று மண்டபம் நிரம்பியிருந்தது. வாரியத்தில் கருத்து நிலுவையில் உள்ள எல்லோரும் வர வேண்டும் என்று உத்தரவு. முதல் வரிசையில் மனைவியும் மச்சினனும். மேடையில் பல்செட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்ட, ஏதாவது கரண்டுக் கோளாறு வந்து ஒலிபெருக்கி செத்துப்போகாதா என்று வேண்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி கணீரென்று இருந்தது.

தலைவர் எழுந்தார்.

"மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இந்த நாட்டில் என்ன நிலைமை? படம் பார்த்தவனெல்லாம் பேசினான். டிக்கெட் வாங்கிய ஒரே தகுதியை வைத்துக்கொண்டு பேசினான். இன்றைக்குத் தியேட்டர் வாசலில் போய்ப் பாருங்கள். பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைகளைப் போல் வாயை மூடிக்கொண்டு வருகிறார்கள். கணவனும் மனைவியும்கூட வீடு வந்து சேரும்வரை பேசுவதில்லை. வீடு வருவதற்குள் மறந்துவிடுகிறார்கள். இதைவிட வேறென்ன சாதனை வேண்டும்? படத்தைப் பார்த்துவிட்டு வாரியத்துக்கு வருகிறவர்கள் போன ஆண்டைவிடப் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். படம் பார்க்கிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். பார்க்காமல் இருப்பதுதான் ஒழுங்கின் உச்சம். நான் பதவியேற்ற பிறகு ஒரு படமும் பார்த்ததில்லை. அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை. இந்தத் தகுதி வேறு யாருக்கும் இல்லை என்பதால்தான் என்னைத் தேடி வந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்."

பலத்த கைதட்டல். யார் தட்டாமல் இருக்கிறார்கள் என்று பைக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு நிபுணர் குழுவின் அறிக்கையைப் பேராசிரியர் வாசித்தார். நாற்பத்தாறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் விசில். குளிர், மௌனம், மேலிருந்து இறங்கும் கலை, நான்கு துவாரங்கள், நான்கு திசைகள். இருபதாம் பக்கத்தில் பின்வரிசைகள் சாய்ந்தன. முப்பதாம் பக்கத்தில் தலைவரின் தாடை நெஞ்சில் இறங்கியது. மனைவி நெற்றியைச் சுருக்கி ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பல்செட்டுக்காரருக்கு நம்பிக்கை துளிர்த்தது. இவ்வளவு வார்த்தைகளுக்கு அடியில் அந்த மூன்று வார்த்தை நசுங்கிச் செத்திருக்கும், இனி யாராலும் தோண்டி எடுக்க முடியாது என்று மூச்சு விட்டார்.

"இப்போது விதி தொண்ணூறின்படி, கருத்து முதலில் சொல்லப்பட்ட அதே வார்த்தையில், அதே தொனியில் சபைக்கு அளிக்கப்படும்" என்றார் பேராசிரியர்.

ஸ்கூட்டர் நிறுத்தத்தில் பார்த்த பைக்காரர் எழுந்து மைக்கைப் பிடித்தார். கடமை தவறாதவர். கண்ணைப் பாதி மூடி, குரலில் ஒரு கொட்டாவியைக்கூட விடாமல் சேர்த்துச் சொன்னார்.

"ஏசி நல்லா இருந்துச்சு."

மண்டபத்தில் ஒரே ஒருவன் சிரித்தான். முதல் வரிசையில். மச்சினன்.

சிரித்துக்கொண்டே மேடையேறி வந்தான். பல்செட்டுக்காரர் ஓடலாமா என்று பார்த்தார். ஒரு பக்கம் நீதிபதி, இன்னொரு பக்கம் இளைஞரின் முடியாத வாக்கியம்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

மைக் திறந்திருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இனிமேல் பொய் சொன்னால் அதையும் எடை போட்டு நாற்பத்தாறு பக்கம் ஆக்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

"தூங்கிட்டேன்பா."

"எந்த சீன்ல?"

"அந்தப் பொண்ணு பழைய பெட்டியிலேருந்து கடிதம் எடுத்து ஜன்னலோரமா நின்னு படிக்குதுல்ல. முதல் கடிதம் வரைக்கும் ஞாபகம் இருக்கு. ரெண்டாவதையும் முதல் வரியிலேருந்து படிக்க ஆரம்பிச்சுது பாரு, அங்க போயிட்டேன்."

"ரெண்டாவது கடிதம்." மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "தலைதலையா அடிச்சுக்கிட்டேன் மாமா, அதை வெட்டுவோம்னு. எடிட்டர் கேக்கல. மொத்தம் மூணு இருக்கு."

"மூணா?" என்றார் பல்செட்டுக்காரர், உண்மையான திகிலோடு.

"எனக்கு இதுவரைக்கும் நூத்திப் பதினாலு சான்றிதழ் வந்திருக்கு. எல்லாத்துலயும் நல்லது நாப்பது, கெட்டது முப்பது. ராத்திரி பூரா படிச்சுப் பாப்பேன், ஒண்ணும் புரியாது. ஒருத்தராவது இந்த இடத்துல தூங்கிட்டேன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன் மாமா."

"எனக்கு ரெண்டாவது கடிதம் பிடிச்சுது தம்பி" என்று எட்டாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். "மூணாவதுதான் தாங்கல."

"கடிதத்தை விடுங்க, அந்த மாமனார் வேஷம் போட்டவர் யாரு? மனுஷன் கதவைத் திறக்கிறதுலயே அழ வச்சுட்டாரு" என்றார் இன்னொருவர்.

"போன மாசம் வந்த பேய்ப் படம் பாத்தீங்களா? பேய் வர்ற வரைக்கும் பயமா இருந்துச்சு. பேய் வந்ததும் சரியாப் போச்சு."

"அந்தப் பாட்டுக்காரன் படத்துக்கு நான் மூணு தடவை போனேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல."

மூன்று வருஷமாக வாயில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்தது. நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவு என்று எடையாளர் அம்மா கால்குலேட்டரைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். பைக்காரர்களின் பேனாக்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. அவர்களில் ஒருவர் நோட்டை மூடிவிட்டு, "பேய்ப் படம் எந்தத் தியேட்டர்ல ஓடுது சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் கவுண்டர் குமாஸ்தா நாற்காலியின் மேல் ஏறி நின்று, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவர்ப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

தலைவர் விழித்துக்கொண்டு மேசையைத் தட்டினார். "கருத்துள்ளவர்கள் வரிசையில் வரவும். அனுமதியில்லாமல் ரசிக்கக் கூடாது." யாரும் திரும்பவில்லை. அவர் பேராசிரியர் பக்கம் குனிந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். கை சரியாகப் பொத்தவில்லை.

"அந்த மூணாவது கடிதத்துல அப்படி என்னய்யா எழுதியிருந்துச்சு?"

விருதை வாங்காமலே பல்செட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். மச்சினனைச் சுற்றி முப்பது பேர் நின்று எந்தக் கடிதத்தை வெட்டலாம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் இப்போதைக்கு வீட்டுக்கு வரமாட்டான். மனைவி ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு சிக்னல் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது சிக்னல் சிவப்பு.

"கோவமா?" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

"அருமை, தம்பி பின்னிட்டான்னு எங்கிட்ட சொன்னீங்க."

"தப்புதான்."

"இன்னிக்கு மேடையில ரெண்டாவது கடிதத்துல தூங்கினேன்னு அவன்கிட்ட சொன்னீங்க. அதுவும் பொய்."

"ஐயோ, இல்லம்மா, சத்தியமா அதுதான்..."

"முதல் பாட்டு முடியறதுக்குள்ளயே உங்க தலை என் தோள்ல வந்து விழுந்தாச்சு. நடுநடுவே முழிச்சுக் கழுத்தை மாத்தி வச்சுக்கிட்டீங்க. அப்பப்ப பாத்ததைத்தான் படம்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க."

"தெரிஞ்சுமா என்னை எழுப்பல?"

"எழுப்பினா பாப்பீங்க. பாத்தா ஏதாவது சொல்லுவீங்க. எதுக்கு வம்புன்னு விட்டேன்." சிக்னல் பச்சையானது; பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். அவர் வண்டியை எடுக்கவில்லை. அவள் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்கும்தான் கண்ணைச் சொக்கிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பேருமா தூங்க முடியும்? என் தம்பி படமாச்சே, அதனால நான் முழிச்சிருந்தேன். போங்க."